ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டதா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

காவிரி டெல்டா பக்கம் ஃப்ரிட்ஜ் நின்றால் முதல் பழி, குளிரைப் பார்த்துக் கம்ப்ரஸரை ஓட்டி நிறுத்தும் சுவிட்சான தெர்மோஸ்டாட் மேல்தான் விழும். "தெர்மோஸ்டாட் போயிருக்கும் தம்பி, வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க" என்று நோயையும் மருந்தையும் வீட்டுக்காரரே போனில் சொல்லிவிடுவார். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கும். அதற்குக் கரண்ட் வந்து சேர்ந்திருக்காது, இல்லையென்றால் அரைகுறையாக வந்திருக்கும். அதனால் இங்கே கம்பத்திலிருந்து தொடங்கி உள்ளே போகிறோம். தெர்மோஸ்டாட் கடைசிச் சந்தேகம்.

இந்தப் பக்கத்து வீடுகளில் அதிகம் இருக்கும் ஒற்றைக் கதவு, திருகும் குமிழ் வைத்த ஃப்ரிட்ஜை வைத்தே சொல்கிறேன். இரட்டைக் கதவுக்கும் இன்வெர்ட்டர் வகைக்கும் பின்னால் ஒரு பத்தி உண்டு.

கையில் ஒரு மல்டிமீட்டர் வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். டெஸ்டர் எரிந்தால் பேஸ் (கரண்ட் வரும் கம்பி) இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) அறுந்திருந்தாலும் எரியும், 150 வோல்ட் வந்தாலும் எரியும். மூடியைக் கழற்றுவதற்கு முன் பிளக்கைக் கையால் உருவி வெளியே எடுத்துவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருக்க வேண்டாம். பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பதும் உண்டு.

கதவைத் திறந்தால் லைட் இல்லை, பின்னால் சத்தமும் இல்லை

ஃப்ரிட்ஜ் வரை கரண்டே வரவில்லை. மற்ற அறைகளைப் பாருங்கள். மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீட்டில் கூடத்து ஃபேன் சுற்றும், சமையலறை மட்டும் செத்துக் கிடக்கும். ஆடிக் காற்றில் தென்னை மட்டை ஒன்று லைனில் விழுந்தால் டிரான்ஸ்பார்மரில் ஒரு பேஸுக்கு மட்டும் பியூஸ் போவது சாதாரணம். மீட்டர் பக்கத்தில் பேஸ் மாற்றும் சுவிட்ச் இருந்தால் மாற்றிப் பாருங்கள். தெருவுக்கே ஒரு பேஸ் இல்லையென்றால் லைன்மேனிடம் சொல்லுங்கள், அல்லது மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் இணைப்பு எண்ணைச் சொல்லிப் புகார் பதியலாம்.

வீடு முழுக்கக் கரண்ட் இருக்கிறதென்றால் எம்.சி.பி.யை (பியூஸுக்குப் பதில் தானாக விழும் சுவிட்ச்) பாருங்கள். ஓட்டு வீடுகளில் இன்னும் பியூஸ் கேரியர்தான். கேரியரைப் பிடுங்கிப் பார்த்துக் கம்பி போயிருந்தால் சரியான பியூஸ் கம்பியே போடுங்கள். வயரை உரித்து நாலு இழையைச் சுற்றிவிட்டால் அடுத்த முறை பியூஸுக்குப் பதில் ஃப்ரிட்ஜ் போகும்.

அடுத்தது பிளக் பாயிண்ட். ஃப்ரிட்ஜை எடுத்துவிட்டு அதே பாயிண்டில் ஒரு டேபிள் ஃபேனைச் செருகுங்கள். செல்போன் சார்ஜரை வைத்துச் சோதிக்காதீர்கள். சார்ஜர் 100 வோல்ட்டிலேயே வேலை செய்துவிடும், பாயிண்ட் நன்றாக இருப்பதாகக் கணக்குக் காட்டிவிடும். ஃபேன் என்றால் சுற்றும் வேகத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஃபேனும் சுற்றவில்லை, அல்லது பிளக்கை அசைத்தால் மட்டும் சுற்றுகிறது என்றால் சாக்கெட் லூஸ். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் மாதிரி உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் பிளக்கின் பித்தளைக் கால்களில் பச்சை படிந்திருக்கும், சாக்கெட் துளையைச் சுற்றிப் பழுப்பாகக் கருகியிருக்கும். காலை உப்புத்தாளால் தேய்க்கலாம். கருகிய சாக்கெட்டைத் தேய்த்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். கிரைண்டர், மிக்ஸி, ஃப்ரிட்ஜ் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தால் அந்த பாக்ஸை முதலில் தூக்கிப் போடுங்கள்.

பாயிண்ட் சரியாக இருந்தும் ஃப்ரிட்ஜுக்கு உயிர் இல்லை என்றால் வயரைப் பின்பக்கம் தரை வரை தடவிப் பாருங்கள், பிளக்கை எடுத்துவிட்டு. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் காலியானதும் எலி வீட்டுக்குள் வரும். ஃப்ரிட்ஜின் அடிப்பக்கம் கதகதப்பாக இருப்பதால் அங்கேதான் குடியிருக்கும், வயரையும் கடித்து வைக்கும். கடித்த இடத்தில் டேப் சுற்றாதீர்கள். முழு வயரையும் மாற்றுங்கள்.

ஸ்டெபிலைசரில் எண் தெரிகிறது, ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடவில்லை

கொஞ்சம் பொறுங்கள். கரண்ட் போய் வந்ததும் ஸ்டெபிலைசர் சுமார் மூன்று நிமிடம் கழித்துத்தான் ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் விடும். நின்ற கம்ப்ரஸரில் ஒரு பக்கம் அழுத்தம் தங்கியிருக்கும். அது இறங்குவதற்குள் கிளப்பினால் மேட்டில் நிற்கும் பார வண்டியைத் தள்ளுகிற மாதிரி மோட்டார் முக்கும், கிளம்பாது. அந்த இடைவெளியில் சிறு விளக்கு மினுக்கும், அல்லது திரையில் எண் ஓடும்.

கவனிக்க வேண்டியது, அந்த மூன்று நிமிடம் ஒவ்வொரு முறை கரண்ட் வெட்டும்போதும் முதலிலிருந்து தொடங்கும். மழைக் காலத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கரண்ட் வெட்டிவெட்டி வருகிற நாளில் ஃப்ரிட்ஜ் கிளம்பவே கிளம்பாது. அது கோளாறு அல்ல.

பத்து நிமிடமாகியும் ஒன்றுமில்லையா? சுவர் பாயிண்டில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 220க்கு மேல் 240க்குள் இருந்தால் ஃப்ரிட்ஜை ஒரு தடவை நேராகச் சுவரில் செருகுங்கள். ஓடினால் ஸ்டெபிலைசருக்குள் ரிலே போயிருக்கிறது. சோதனைக்கு மட்டும்தான் இது. அப்படியே விட்டுவிடாதீர்கள்.

'டிக்' என்கிறது, 'ம்ம்ம்' என்று முனகுகிறது, மறுபடி 'டிக்'

இந்த வட்டாரத்தின் உண்மையான வியாதி இதுதான். அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு லோ வோல்ட்டேஜ் என்று சொல்லிவிடலாம்.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் வரை குறுவை நாற்றங்காலுக்கு போர் மோட்டார்தான் கதி. அணை தாமதமானால் இன்னும் அதிகம் ஓடும். ஊருக்குள் இருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் கொல்லையில் ஓடும் மோட்டாருக்கும் பல இடங்களில் ஒரே டிரான்ஸ்பார்மர். போதாக்குறைக்கு மூன்று பேஸ் இல்லாத நேரத்தில் கண்டன்சர் (கெபாசிட்டர்) போட்டு மோட்டாரை ஓட்டினால் அந்தப் பேஸில் இருக்கும் வீடுகள் எல்லாம் தள்ளாடும். 230 வர வேண்டிய இடத்தில் 170, 160 என்று வரும்.

அந்த வோல்ட்டேஜில் கம்ப்ரஸர் கிளம்ப முயன்று முனகும். சில நொடிகளில் அதன் பக்கத்தில் இருக்கும் ஓவர்லோட் எனும் சிறு பாதுகாப்பு, சூடாகி 'டிக்' என்று இணைப்பைத் துண்டிக்கும். ஆறியதும் மறுபடி கொடுக்கும். இரவு முழுக்க இதே கூத்து. விடிந்து பார்த்தால் தோசை மாவு பொங்கி வழிந்திருக்கும்.

முன்பு குண்டு பல்பு இருந்தபோது லோ வோல்ட்டேஜ் வந்தால் பல்பு மங்கும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இப்போதைய எல்.இ.டி. பல்புகளில் பல, 160லும் அதே வெளிச்சம் தருகின்றன. அதனால்தான் "லைட் நல்லா எரியுதே, கரண்ட்டுக்கு என்ன குறை" என்று கேட்கிறார்கள். ஃபேனைப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

செய்ய வேண்டியது ஒன்று: மதியம் மூன்று மணி, இரவு எட்டு மணி, இரவு பதினொரு மணி என்று மூன்று வேளை வோல்ட்டேஜைப் பார்த்துக் குறித்து வையுங்கள். எட்டு மணிக்கு 165, பதினொன்றுக்கு 225 என்றால் உங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு குறையும் இல்லை. அந்தக் குறிப்போடு தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பிரிவு அலுவலகத்து உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுங்கள். 'வோல்ட்டேஜ் சரியில்லை' என்று வாயால் சொல்வதற்கும் தேதி, நேரம், எண்ணோடு தாளைக் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அதுவரை ஸ்டெபிலைசர் 'லோ' என்று கட் செய்தால் செய்யட்டும். அதை மீறி நேராகப் போட்டு ஓட்டினால் கம்ப்ரஸர் எரியும். அதன் செலவோடு பார்த்தால் கெட்டுப்போன மாவும் மீனும் ஒன்றுமில்லை.

வோல்ட்டேஜ் நன்றாக இருக்கும்போதும் 'டிக், ம்ம்ம்' கேட்டால் ரிலேயைப் பாருங்கள். பிளக்கை எடுத்துவிட்டு, பின்பக்கம் அடியில் கம்ப்ரஸரோடு ஒட்டியிருக்கும் சிறு மூடியைக் கழற்றினால் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் பி.டி.சி. ரிலே வரும். காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் வில்லை உடைந்திருக்கிறது. மலிவான சாமான், அதே எண் பார்த்து மாற்றினால் முடிந்தது.

உள்ளே லைட் எரிகிறது, கம்ப்ரஸர் ஓடவே இல்லை, முனகலும் இல்லை

இப்போதுதான் தெர்மோஸ்டாட் பக்கம் வருகிறோம். லைட்டுக்கான கரண்ட் தெர்மோஸ்டாட்டைத் தாண்டிப் போவதில்லை, கதவு சுவிட்ச் வழியாகத் தனியாகப் போகிறது. கம்ப்ரஸருக்குப் போகும் கரண்ட்தான் தெர்மோஸ்டாட்டைக் கடக்க வேண்டும். ஆகவே லைட் எரிவதால் தெர்மோஸ்டாட்டின் வாசல் வரை கரண்ட் வந்திருக்கிறது என்று பொருள்.

ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன் இரண்டு விஷயம்.

ஒன்று, குமிழ் எங்கே நிற்கிறது? ஆயுத பூஜைக்கு ஃப்ரிட்ஜைத் துடைத்த வீட்டில் குமிழ் பூஜ்யத்தில் நிற்பதை அடிக்கடி பார்க்கலாம். துணியோடு திரும்பிவிடும். எண் கூடினால் குளிர் கூடும். சாதாரண நாளில் நடுவில் இருந்தால் போதும்.

இரண்டு, குமிழின் நடுவில் உள்ள டீஃப்ராஸ்ட் பட்டன். அதை அழுத்தினால் ஐஸ் உருகும் வரை கம்ப்ரஸர் நிற்கும். உருகி முடிந்ததும் பட்டன் தானாக வெளியே வரும். அது உள்ளேயே மாட்டிக்கொண்டால் ஃப்ரிட்ஜ் நின்றது நின்றதுதான்.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு வீட்டில் அந்த அக்கா, "தம்பி, முன்னாடி ஒருத்தர் வந்து தெர்மோஸ்டாட் மாத்தினாரு. இது ரெண்டு நாள் ஓடுது, ரெண்டு நாள் நிக்குது" என்றார். ஃப்ரிட்ஜைத் திறந்தால் மேல் தட்டில் பெரிய எவர்சில்வர் மாவுத் தூக்கு. அதன் விளிம்பு சரியாக அந்தப் பட்டன் மேல் அழுந்திக்கொண்டிருந்தது. மாவு அரைக்கும் நாளில் தூக்கு உள்ளே போகும், ஃப்ரிட்ஜ் நிற்கும். மாவு தீர்ந்து தூக்கு வெளியே வந்தால் ஓடும். "தூக்கைக் கீழ்த் தட்டுல வைங்கக்கா" என்பதோடு அந்த வேலை முடிந்தது. பழைய தெர்மோஸ்டாட்டை அவர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தேன், அதுவும் நன்றாகவே இருந்தது.

இரண்டும் சரி என்றால் பிளக்கை உருவிவிட்டு, உள்ளே லைட்டும் குமிழும் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றுங்கள். தெர்மோஸ்டாட்டிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று ஃப்ரீசரை நோக்கிப் போவது தெரியும். அதற்குள் கொஞ்சம் வாயு அடைத்திருக்கிறது. ஃப்ரீசர் சூடானால் வாயு விரிந்து சுவிட்சை மூடும், கம்ப்ரஸர் ஓடும். குளிர்ந்தால் சுருங்கித் திறக்கும், கம்ப்ரஸர் நிற்கும். மொத்தத் தொழில்நுட்பமும் இவ்வளவுதான்.

இதிலிருந்தே ஒன்று புரியும். அந்தக் குழாய் நெளிந்து வெடித்து வாயு போய்விட்டால், தெர்மோஸ்டாட் தான் எப்போதும் குளிரில் இருப்பதாக நினைத்துச் சுவிட்சைத் திறந்தே வைத்திருக்கும். கம்ப்ரஸர் ஓடாது. குழாய் எப்படி வெடிக்கும் என்றால், பெரும்பாலும் தோசைத் திருப்பியால்தான். ஃப்ரீசரில் ஐஸ் கட்டியானதும் கத்தி, திருப்பி, கரண்டிக் காம்பு என்று கைக்குக் கிடைத்ததை வைத்து நோண்டுகிறார்கள். குழாய் அறுந்தால் தப்பித்தோம் என்று சொல்லலாம். ஃப்ரீசர் தகட்டில் ஓட்டை விழுந்தால் ஃப்ரிட்ஜைக் குளிரவைக்கும் கேஸ் முழுக்கப் போய், செலவு ஆயிரக்கணக்கில் ஏறும். ஐஸைக் கரைக்கப் பட்டன் இருக்கிறது. இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்து வையுங்கள். டெல்டா வெயிலுக்கு நெடுநேரம் ஆகாது.

சோதனை இப்படி: தெர்மோஸ்டாட்டின் இரண்டு வயர்களையும் கழற்றி, குழாயின் நுனி அறைச் சூட்டில் இருக்கும்படி வெளியே எடுத்து, குமிழை நடுவில் வைத்து மீட்டரை பீப் ஒலியில் வையுங்கள். பீப் அடிக்க வேண்டும். குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு பீப் நிற்க வேண்டும். அறைச் சூட்டில் பீப் அடிக்கவே இல்லையென்றால், சரி, இந்தத் தடவை பழி நியாயமானது. தெர்மோஸ்டாட் போயிருக்கிறது. சில மாடல்களில் எர்த்துக்கும் லைட்டுக்குமான வயர்களும் அதே இடத்தில் இருக்கும். கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் இல்லாத மெக்கானிக்குகள் அந்த இரண்டு வயர்களையும் நேராகச் சேர்த்துப் பார்ப்பார்கள். பிளக் வெளியே இருக்கும்போது சேர்த்து, டேப் சுற்றி, அப்புறம் பிளக்கைச் செருகினால் இது சரியான சோதனைதான். கம்ப்ரஸர் ஓடினால் குறை தெர்மோஸ்டாட்டில். ஓடாவிட்டால் அதற்கு அப்பால்: ரிலே, ஓவர்லோட், அல்லது கம்ப்ரஸருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்). கம்ப்ரஸரின் மூன்று கால்களில் இரண்டிரண்டாக மீட்டர் வைத்தால் பெரிய எண், மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக வர வேண்டும். ஏதாவது ஒரு ஜோடியில் எண்ணே வரவில்லையென்றால் காயில் அறுந்திருக்கிறது.

ஆனால் 'டைரக்ட்' கொடுத்து அப்படியே விட்டுவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காத வேலை. "சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைச்சுக்குங்க" என்பார்கள். யாராவது ஒரு நாள் மறப்பார்கள். கீழ்த் தட்டில் கீரை வரை உறையும், கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடித் தேயும்.

இன்னொரு எச்சரிக்கை. கம்ப்ரஸர் மேல் ஆர்-600ஏ என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் கேஸ். கேஸ் கசிவு என்று சந்தேகம் வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, பக்கத்தில் ஸ்டவ் பற்ற வைக்காமல், எந்தச் சுவிட்சையும் தொடாமல், தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

போட்டவுடன் டிரிப் ஆகிறது, அல்லது தொட்டால் சுருக்கென்கிறது

கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. மழைக் காலத்தில் பிளக்கிலும் கம்ப்ரஸர் மூடியிலும் ஈரம் இறங்கியிருக்கலாம். காயவைத்துப் பாருங்கள். மறுபடியும் விழுந்தால் வீட்டில் செய்யும் வேலை இல்லை. டிரிப் ஆகிறதே என்று அந்த ஆர்.சி.சி.பி.யைக் கழற்றச் சொல்லாதீர்கள். தொட்டால் ஷாக் அடிக்கிற ஃப்ரிட்ஜை அந்த நிமிடமே பிளக்கை எடுத்து ஓரம் கட்டுங்கள். வீட்டு எர்த்துக் குழியில் கம்பி அரித்துப் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஃபேன் திடீரென்று பறக்கிறது, பல்பு பளீரென்கிறது

மெயினை அணையுங்கள். ஃப்ரிட்ஜை மட்டும் அல்ல, மெயினை. கம்பத்திலோ மீட்டரிலோ நியூட்ரல் அறுந்திருக்கிறது. உங்கள் வீட்டில் பளீரென்று எரியும்போது எதிர்வீட்டில் மங்கும். 230 வர வேண்டிய பாயிண்டில் 300க்கு மேல் வரலாம். புயல் காற்றுக்குப் பின் இந்த ஆபத்து அதிகம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய பிறகு கம்பங்களை எல்லாம் புதிதாக நட்டு லைன் இழுக்க வேண்டியிருந்தது. அப்படிப் புது லைன் வரும் நாளில் ஃப்ரிட்ஜ், டி.வி. பிளக்குகளை எடுத்துவிட்டு, முதலில் மல்டிமீட்டரில் வோல்ட்டேஜைப் பார்த்துவிட்டு அப்புறம் செருகுங்கள். எர்த்துக் கம்பியை நியூட்ரலாக வைத்துத் தற்காலிகமாக ஓட்டும் வித்தையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உயிர் போகும்.

கரண்ட் வர நேரமாகும் என்றால் கதவைத் திறக்காமல் வையுங்கள். உள்ளிருப்பது சுமார் நாலு மணி நேரம் தாங்கும். வீட்டில் இன்சுலின் இருந்தால் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம்.

இரட்டைக் கதவு, இன்வெர்ட்டர்

இவற்றில் குமிழ் இருந்தாலும், குளிரைப் பார்த்து முடிவெடுப்பது பெரும்பாலும் சென்சாரும் போர்டும்தான். மேலே ஃப்ரீசர் நன்றாகக் குளிர்ந்து கீழே மட்டும் குளிரவில்லை என்றால் காற்றுப் பாதையில் ஐஸ் அடைத்திருக்கும். ஐஸ் உருக்கும் ஹீட்டர் பக்கம் கோளாறு. இன்வெர்ட்டர் வகையில் பின்பக்க போர்டில் ஒரு சிறு விளக்கு மினுக்கும். எத்தனை தடவை மினுக்கி நிற்கிறது என்று எண்ணி, அதைக் கம்பெனி ஆளிடம் போனிலேயே சொன்னால் அவர் சரியான சாமானோடு வருவார். போர்டில் பல்லி புகுந்து ஷார்ட் ஆனதும் உண்டு. ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று ஸ்டிக்கர் இருப்பது லோ வோல்ட்டேஜுக்குப் பொருந்தும். நியூட்ரல் அறுந்தால் எந்த ஸ்டிக்கரும் காப்பாற்றாது.

தெர்மோஸ்டாட்தான் போயிருக்கிறது என்று உறுதியானால்

பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ உதிரிபாகக் கடையில் ஃப்ரிட்ஜின் மாடல் எண்ணையும் சொல்லுங்கள். கால்களின் எண்ணிக்கை, குழாயின் நீளம், டீஃப்ராஸ்ட் பட்டன் உண்டா இல்லையா ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். இரட்டைக் கதவுக்கானதை ஒற்றைக் கதவில் போட்டால் பொருந்தினாலும் சரியான குளிரில் நிற்காது.

மாட்டும்போது குழாயைக் கூர்மையாக மடிக்காதீர்கள், பெரிய வளைவாகக் கொண்டுபோங்கள். நுனி, பழைய நுனி இருந்த அதே கிளிப்பில், ஃப்ரீசர் தகட்டை ஒட்டி அழுத்தமாக உட்கார வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். புதுசும் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை வரும். வயர்களைப் போட்டோவைப் பார்த்துச் செருகிப் பெட்டியை மூடுங்கள்.

பிளக்கைப் போட்டு ஸ்டெபிலைசரின் மூன்று நிமிடத்தைப் பொறுத்திருங்கள். கம்ப்ரஸர் கிளம்பியதும் குமிழை நடுவில் வைத்து ஒரு மணி நேரம் காலியாக ஓட விடுங்கள். ஃப்ரீசர் சுவரில் ஈரக் கையை வைத்தால் லேசாக ஒட்ட வேண்டும். ஒட்டினால் பாலையும் மாவையும் உள்ளே வைக்கலாம். காய்கறியை மறுநாள் வையுங்கள். அதற்குள் ஃப்ரிட்ஜ் தானாக நின்று தானாகக் கிளம்புகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.